இருபத்திரண்டாம் தேதி இரைச்சல்

எங்கள் வீட்டுக்கும் டீச்சர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். என் கட்டில் அந்தச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது. அதனால் அந்த வீட்டுச் சத்தங்கள் எனக்குத் தெரியும். காலையில் குழாய் திறப்பது, பகலில் தையல் மெஷின் ஓடுவது, சாயங்காலம் பிள்ளைகள் ஆர்கன் பழக வருவது. மதியம் மூன்று மணிக்கு வரும் ஒரு சத்தம் மட்டும் என்னவென்று தெரியாது. மரத்தை விரலால் தட்டுவது போல டக், டக், டக். மெஷின் இல்லை. எலியும் இல்லை, எலி ஒரே தாளத்தில் தட்டாது. பத்து நிமிஷம் கேட்கும், நின்றுவிடும்.

டீச்சருக்கு ஐம்பத்து மூன்று வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டில் இருக்கிறார். ஹாலில் பாதியை அவருடைய ஆர்கன் அடைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு வரிசைக் கட்டைகள், கீழே கால்கட்டைகள், ஓரத்தில் ஒரு வால்யூம் பெடல். ஆர்கன் டீச்சரைவிடப் பத்து வயதுதான் சின்னது. தம்பிக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை. தம்பியின் மனைவி வீட்டிலேயே துணி தைப்பவர். எனக்கும் தைத்துக் கொடுப்பார். நான் தையலக்கா என்று கூப்பிடுவேன்.

இரண்டு மாதம் முன்பு ஆர்கனுக்குள் ஓர் உறுமல் வந்தது. கட்டையைத் தொடாமலே, ஸ்விட்ச் போட்டதும் வரும். டீச்சர் முதலில் மழை ஈரம் என்றார். அப்புறம் தையல் மெஷின் மோட்டார் என்றார். அப்புறம் யாரோ தொடுகிறார்கள் என்றார். வீட்டில் இருப்பதே மூன்று பேர். தம்பி காலையில் போனால் இரவுதான் வருவார். யாரோ என்றால் யார் என்று சொல்லத் தேவையில்லை.

டீச்சர் மதியம் இரண்டரைக்கு இசைப் பள்ளிக்குக் கிளம்பி, ஐந்து மணிக்குத் திரும்புவார். ஒருநாள் வாசலில் என்னை நிறுத்தினார்.

"ஸ்டூல் நான் விட்டுட்டுப் போன இடத்துல இல்ல. ஒரு விரல் முன்னாடி இருந்துச்சு."

"பெருக்கும்போது நகர்ந்திருக்கும், டீச்சர்."

"பெருக்குறது காலையில. நீ சயன்ஸ் படிச்சவ, உனக்குச் சொல்றேன். இப்பல்லாம் கிளம்பும்போது மூடிக்கு மேல ஒரு நூல் வச்சுட்டுப் போறேன். ரெண்டு முனையிலயும் ஈர சோப்பால ஒட்டி. மூடியைத் திறந்தா அறுந்துடும்."

"அறுந்துச்சா?"

"இல்ல. அதான் எனக்குச் சந்தேகமாவே இருக்கு."

அந்தச் சனிக்கிழமை சுவர் வழியாகப் பெரிய சண்டை கேட்டது. நான் கட்டிலில் புத்தகத்தை மார்பில் கவிழ்த்துப் படுத்திருந்தேன்.

"ஹால் வேணும்னா வாயைத் திறந்து கேளு. அதுக்காகப் பொருளைக் கெடுக்காதே," என்றார் டீச்சர்.

"நான் எதைக் கெடுத்தேன், அண்ணி? சத்தம் கேக்குது கேக்குதுன்னு நீங்கதான் சொல்றீங்க. எனக்கு ஒண்ணும் புதுசா கேக்கல. என்னை இந்த வீட்டை விட்டு ஓட்டத்தான் இந்த நாடகமோ என்னவோ."

"நாடகமா? சரி. நாளைக்கு மெக்கானிக் வரட்டும். ஒண்ணும் இல்லன்னு அவர் சொல்லட்டும். நான் ஆர்கனைத் தூக்கிக்கிட்டு மாசம் முடியறதுக்குள்ள போயிடுறேன்."

"எங்க போவே, அக்கா?" என்றார் தம்பி.

"எங்கேயோ. உனக்கென்ன."

தையலக்காவின் குரல் மெதுவாகக் கேட்டது. "சொன்னா சொன்னபடி நடக்கணும்."

டீச்சருக்குப் போக இடம் இல்லை என்பது எனக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சர் எங்கள் வாசலில் வந்து நின்றார். "நீயும் வா. யார் பக்கமும் சேராத ஆள் ஒருத்தர் இருக்கணும்." மறுக்கத் தெரியாததால் போனேன்.

மெக்கானிக்கை எல்லோரும் ரேடியோக்காரர் என்றுதான் சொல்வார்கள். ஒல்லி. துணிப்பையில் சாமான்களோடு வந்தார். முதல் காரியமாக வாட்ச்சையும் மோதிரத்தையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஃபேனை நிறுத்துங்க."

"வேர்க்குமே," என்றார் தம்பி.

"வேர்க்கட்டும். வேர்வைக்குச் சத்தம் கிடையாது."

வெளியே மழை வருவது போல மூடிக்கொண்டு, வராமல் இருந்தது. ஜன்னலையும் சாத்தச் சொன்னார். ஆர்கனை ஸ்விட்ச் போட்டு எங்களை ஒரு நிமிஷம் பேசாமல் கேட்கச் சொன்னார். பிறகு பழைய காலண்டர் தாளை நான்காகக் கிழித்து ஆளுக்கொன்று கொடுத்தார்.

"என்ன சத்தம், எப்பலேர்ந்து. அவ்வளவுதான் எழுதணும். ஒருத்தர் எழுதுறதை இன்னொருத்தர் பார்க்கக் கூடாது."

"பரீட்சையா?" என்றார் டீச்சர்.

"ஆமா. ஒருத்தர் உறுமுதுன்னு வாயால சொல்லிட்டா மத்தவங்க காதுலயும் உறுமத்தான் செய்யும். நிறைய வீட்ல பார்த்தாச்சு."

நான் 'இரண்டு சத்தம்' என்று எழுதினேன். பக்கத்தில் தையலக்கா உட்கார்ந்திருந்தார். இரண்டை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதிக் கொடுத்தேன். அன்று முழுவதும் அந்த அடித்தல் எனக்கு உறுத்தியது.

ரேடியோக்காரர் டீச்சரின் தாளை வாசித்தார். "ஒண்ணு, அடியில உறுமல், ரெண்டு மாசமா. ரெண்டு, அதுக்கு மேல மெல்லிசா கிர்ர்ருன்னு ஒரு இரைச்சல். போன மாசம் இருபத்திரண்டாம் தேதி சாயங்காலத்துலேர்ந்து." நிமிர்ந்தார். "தேதியெல்லாம் இருக்கே."

"டைரியில எழுதியிருக்கேன்."

தையலக்காவின் தாள்: "உறுமல் மட்டும். நான் எதையும் தொடவில்லை."

"தொட்டீங்களான்னு நான் கேக்கலையேம்மா."

"நீங்க கேக்கல. மத்தவங்க கேக்குறாங்க."

தம்பியின் தாள் வெறுமையாக இருந்தது.

"என்ன சார் இது?"

"எனக்கு ஒண்ணும் வித்தியாசமாத் தெரியல."

"லிஃப்ட்ல வேலை பார்க்கிறவருக்கு உறுமல் கேக்கலையா?"

"அது வேற, இது வேற," என்றார் தம்பி. கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

ரேடியோக்காரர் என் தாளைப் பார்த்தார், அடித்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வால்யூம் பெடலைக் கையால் அழுத்தினார், விட்டார். பெடலைக் குறைத்தபோது கிர்ர் குறைந்தது. உறுமல் அப்படியே இருந்தது. "ரெண்டும் வேற வேற," என்றார். "பெடலுக்கு மசியாதது, பெடலைத் தாண்டி உள்ள இருக்கு. பெடலுக்கு அடங்கறது, வேற எங்கேயோ இருந்து முன்னாடியே உள்ள நுழையுது."

டீச்சர் தையலக்காவைப் பார்த்தார். இரண்டு சத்தம் என்று நிரூபணம் ஆகிவிட்டது என்பது போல. தையலக்கா எழுந்து போய் டீ போட்டார்.

பின்பலகையைக் கழற்றினார்கள். உள்ளே தூசி துணி மாதிரி படிந்திருந்தது. ரேடியோக்காரர் பிரஷ்ஷால் ஒதுக்கி, டம்ளர் அளவில் இருந்த ஒரு கண்டென்சரைக் காட்டினார். அதன் தலை உப்பியிருந்தது.

"உறுமல் இவர்தான். வர்ற கரண்ட்டைச் சமப்படுத்திக் கொடுக்கிற வேலை இவருக்கு. வயசாயிடுச்சு, முடியல."

"யாராவது ஏதாவது செஞ்சு இப்படி ஆகியிருக்குமா?" என்றார் டீச்சர்.

"காலம் செஞ்சிருக்கும். வேற யாரும் இதுக்குள்ள கையை விட்டிருந்தா, இப்போ நம்மகிட்டப் பேசிக்கிட்டு இருக்க மாட்டாங்க."

தையலக்கா டீயை டீச்சர் பக்கத்தில் வைத்தார். டம்ளர் கொஞ்சம் சத்தமாகவே உட்கார்ந்தது. "கேட்டுக்கங்க, அண்ணி."

"கேட்டேன். ரெண்டாவது இன்னும் இருக்கு."

புது கண்டென்சரைப் பற்றவைக்க அரைமணி ஆனது. ஈயப்புகை வாசனை ஹாலில் நின்றது. மூடிய ஜன்னலுக்குள் எல்லோரும் நனைந்துபோயிருந்தோம். ஸ்விட்ச் போட்டதும் உறுமல் இல்லை. அது போனதால் கிர்ர் முன்பைவிடத் தெளிவாகக் கேட்டது, கண்ணாடிக் குடுவைக்குள் சுற்றும் ஒரு வண்டு மாதிரி.

"போயிடுச்சே," என்றார் தம்பி உடனே. "பலகையை மூடிடலாம்."

"போகல," என்றார் டீச்சர்.

"அக்கா, உனக்குக் காது பழகிப்போச்சு."

"அவங்க காது சரியா இருக்கு," என்றார் ரேடியோக்காரர். "உங்க காதுதான் இன்னிக்கு லீவு."

அடுத்து மெயின் போர்டு. ஒவ்வோர் அறைக்கும் ஓர் ஆள். அவர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பிடுங்கியதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். தையலக்கா தன் அறையிலிருந்து சொன்னார்.

"மெஷின் எடுத்தாச்சு. அயர்ன் பாக்ஸ் எடுத்தாச்சு. போன் சார்ஜர் எடுத்தாச்சு. எதையாவது ஒளிச்சு வச்சிருக்கேனான்னு அண்ணியை வந்து பார்த்துக்கச் சொல்லுங்க."

டீச்சர் நிஜமாகவே போய்ப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்தார்.

"கிடைச்சுதா?"

"தூசி கிடைச்சுது."

சமையலறை என் பொறுப்பு. ஃப்ரிட்ஜைப் பிடுங்கிவிட்டு, பிடுங்கிவிட்டேன் என்றேன். என் குரல் ஹாலுக்குப் போய்ச் சேரவில்லை, மறுபடி சொன்னேன். ஹாலில் நின்ற தம்பி, "ஆர்கனைத் தவிர இங்க எல்லாம் எடுத்தாச்சு," என்றார். பிறகு ரேடியோக்காரர் ஒவ்வோர் அறையின் ஸ்விட்சையும் போர்டில் இறக்கினார். தையல் அறை, சமையலறை, படுக்கையறைகள். ஹால் மட்டும் மிச்சம். கிர்ர் ஒரு துளியும் குறையவில்லை.

"அப்போ இந்த ஹாலுக்குள்ளதான் இருக்கு."

"பக்கத்து வீட்லேர்ந்து வரலாமில்ல?" என்றார் தம்பி. "சுவர் ஒண்ணுதானே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் செய்யாத குற்றத்துக்கு முகம் சூடானது. வீட்டுக்கு ஓடி, அம்மா என்ன ஏதென்று கேட்பதற்குள் எங்கள் மெயினை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தேன். கிர்ர் இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. தையலக்கா என் தோளைத் தொட்டு, "இன்னிக்கு உனக்கும் ஒரு பழி கிடைச்சுது பார்," என்றார்.

ரேடியோக்காரர் பையிலிருந்து கையடக்க ரேடியோ ஒன்றை எடுத்தார். முள்ளை எந்த ஸ்டேஷனும் இல்லாத இடத்தில் நிறுத்தினார். ஆர்கனுக்குள் கேட்ட அதே கிர்ர் அதற்குள்ளும் கேட்டது.

"இதைப் பிடிம்மா. ஹாலைச் சுத்தி மெதுவா நட. எங்க ரொம்பக் கத்துதோ அங்க நில்லு."

ஏன் என்னிடம் கொடுத்தார் என்று தெரியவில்லை. ஒருவேளை அந்த அடித்தல்தான் காரணமாக இருக்கலாம். வாசல் பக்கம் போனேன், சத்தம் குறைந்தது. ஜன்னல் பக்கமும் குறைந்தது. ஆர்கனுக்கு எதிர்ச்சுவரில் உயரமான அலமாரி ஒன்று. அதன் மேல் ஒரு பழைய சூட்கேஸ், ஒரு கூடை நிறையப் பிளாஸ்டிக் பூக்கள். அலமாரியை நெருங்க நெருங்க ரேடியோ கத்த ஆரம்பித்தது.

நான் தம்பியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சையில் காப்பியடித்து மாட்டிய பையன்களை நான் பார்த்திருக்கிறேன். அதே நிற்பு. இரண்டடி நகர்ந்தால் சத்தம் குறைந்துவிடும், யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று தோன்றியது. கால்கூட நகர்ந்தது.

"அங்கேயே நில்லும்மா," என்றார் ரேடியோக்காரர்.

ஸ்டூலைப் போட்டு ஏறினார். சூட்கேஸுக்குப் பின்னால், யாரும் பயன்படுத்தாத ஒரு பிளக் பாயின்ட். அதில் தீப்பெட்டி அளவில் ஓர் அடாப்டர். அதிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று கூடைக்குள் போனது. பூக்களை விலக்கி, எலுமிச்சம்பழ அளவில் கறுப்பாக ஒன்றை எடுத்தார். என்ன என்று சொல்லவில்லை. அடாப்டரைப் பிடுங்கினார்.

ஆர்கன் சுத்தமாக அடங்கியது. அது ஆனில் இருக்கிறது என்பதற்குச் சிவப்பு விளக்கு மட்டும்தான் சாட்சி.

"வாசிங்க டீச்சர்."

டீச்சர் ஒரு கட்டையைத் தொட்டு, உடனே கையை எடுத்தார். "அது என்ன?"

"வச்சவங்க சொல்லணும்."

"கேமரா," என்றார் தம்பி. "நான்தான் வச்சேன்."

தம்பி டீச்சர் பக்கம் திரும்பினார். வெளியே மழை இறங்கத் தொடங்கியிருந்தது.

"நீ என்கிட்ட, அவ தொடுறாடான்னு சொன்னே. அவ என்கிட்ட, உங்கக்கா வேணும்னே பண்றாங்கன்னு சொன்னா. யாரைக் கேட்டாலும் இன்னொருத்தரைச் சந்தேகப்படுற மாதிரி ஆகும். யாரையும் கேக்காமப் பார்த்துடலாம்னு..."

"என்னிக்கு வச்சே?"

"இருபத்திரண்டாம் தேதி. காலையில, வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி."

டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார். டைரி சரியாக இருந்தது.

"சத்தம் யாராலன்னு பார்க்கத்தான் வச்சேன், அக்கா."

"மட்டமான அடாப்டர், சார்," என்றார் ரேடியோக்காரர். "ஆர்கன் இருக்கிற அதே லைன்ல போட்டிருக்கீங்க."

தையலக்கா சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். "மூணு வாரம்," என்றார். "என்ன பார்த்தீங்க?"

"ஒண்ணும் இல்ல. யாரும் தொடல."

தையலக்கா அவரையே பார்த்தார். "மூணு வாரமா ஒளிஞ்சு பார்த்துட்டு, இப்போ எனக்காகப் பொய் வேறயா?" டீச்சர் பக்கம் திரும்பினார். "நான் தொட்டேன், அண்ணி. தினமும். நீங்க கிளம்பினதும், மூணு மணிக்கு."

"எனக்குத் தெரியும்," என்றார் டீச்சர். வெற்றி போல இல்லை அந்தக் குரல். "ஆனா நூல் அறுபடவே இல்லையே."

"நூலைப் பார்த்தாத் தெரியாதா எனக்கு? தினமும் எடுத்து ஓரமா வச்சுட்டு, எந்திரிக்கும்போது சோப்புத் தொட்டுத் திரும்ப ஒட்டிடுவேன். உங்க நூலும் இல்ல அது, என் டப்பாவுலேர்ந்து நீங்க எடுத்த பிரவுன். நடுவுல ரெண்டு நாள் கறுப்பு வச்சீங்க. பிரவுன் எங்க இருக்குன்னு தெரியல போல. நானும் அந்தக் கறுப்பையே திரும்ப ஒட்டினேன்."

ரேடியோக்காரர் இருமினார். இருமல் மாதிரி இல்லை அது.

"பவர் போட மாட்டேன். சும்மா கட்டையை அழுத்துவேன். பிள்ளைங்க வாசிக்கிறதைக் கேட்டுக் கேட்டு, விரல் எங்கெங்க போகுதுன்னு... சத்தம் வந்தா பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்ல."

நான் ரேடியோவை அணைத்தேன். டக், டக் என்று கேட்டதை நான் சொல்லவில்லை.

"இதை ஏன் நீ என்கிட்டச் சொல்லல?" டீச்சர் தம்பியைக் கேட்டார். "நான் நூல் ஒட்டுறது, இவ எடுக்கிறது, வைக்கிறது. எல்லாம் பார்த்திருக்கே. நேத்து நான் வீட்டை விட்டுப் போறேன்னு சொன்னப்போகூட நின்னுக்கிட்டு இருந்தே."

தம்பி மறுபடி கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "மூணு மணிக்கு கம்பெனியில எங்களுக்கு டீ. போனை எடுத்து, அவ கட்டையை அழுத்துறதைப் பார்ப்பேன். சொல்லியிருந்தா ரெண்டு பேரும் நிறுத்தியிருப்பீங்க."

தையலக்கா கையை நீட்டினார். "போனைக் கொடுங்க. என் முன்னாடி அழிங்க."

தம்பி அழித்தார். இருபத்தோரு நாள் பதிவு.

"அழிச்சிட்டானான்னு எப்படித் தெரியும்?" என்றார் டீச்சர்.

"முகத்தைப் பார்த்தாத் தெரியும், அண்ணி."

"முகத்தை மூணு வாரமாப் பார்த்துக்கிட்டுதானே இருந்தோம். தெரிஞ்சுதா?"

தையலக்கா போனை வாங்கி, தானும் ஒருமுறை தேடிப் பார்த்தார். பிறகு டீச்சரிடம் கொடுத்தார். டீச்சருக்கு அந்தப் போனை இயக்கத் தெரியாது. இருந்தாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை மேலும் கீழும் தள்ளினார். முதன்முறையாக அந்த வீட்டில் இரண்டு பேர் ஒரே ஆளைச் சந்தேகப்பட்டார்கள்.

ரேடியோக்காரர் பலகையை மூடி, வாட்ச்சையும் மோதிரத்தையும் போட்டுக்கொண்டார். கிளம்பும்போது என் காலண்டர் தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "முதல்ல எழுதினதுதான் சரி," என்றார்.

தம்பி, "அக்கா, நீ எங்கேயும் போக வேண்டியதில்ல," என்றார்.

"அதை நீ சொல்லாதே."

தையலக்கா டீ டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார். எங்கும் பார்க்காமல் சொன்னார். "ஒண்ணும் இல்லன்னு மெக்கானிக் சொன்னாத்தான் போறதாப் பேச்சு. ரெண்டு சத்தம் இருந்துச்சுல்ல."

டீச்சர் ஆர்கன் மூடியின் ஓரத்தில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்தார். விரலில் சுற்றினார். அதைத் தையலக்காவின் முன்னால் வைத்தார்.

"ஆன் பண்ணும்போது பெடல்ல கால் இருக்கக் கூடாது. ஸ்பீக்கர் போயிடும்." திட்டுவது போலத்தான் சொன்னார். சாயங்காலப் பிள்ளைகளுக்கும் முதல்நாள் அதைத்தான் சொல்வார்.

தையலக்கா நூலை எடுத்துக்கொண்டாரா என்று நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா மழை இருட்டில் உட்கார்ந்திருந்தார், மெயினை நான் ஏற்ற மறந்திருந்தேன்.

திங்கட்கிழமை மூன்று மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. செவ்வாயும் இல்லை. புதன்கிழமை தைத்த துணியை வாங்க அவர்கள் வீட்டுக்குப் போனபோது அலமாரியின் மேல் கூடை இல்லை. இருந்தும் தையலக்கா ஹாலைக் கடக்கும்போது நிமிர்ந்து அங்கே ஒருமுறை பார்த்தார். டீச்சரும் பார்த்தார். தம்பி சாப்பிடும்போது போன் மேஜையில், எல்லோரும் பார்க்கும்படி மல்லாந்து கிடக்க வேண்டும் என்று புது ஏற்பாடாம்.

வியாழக்கிழமை இரண்டரைக்கு டீச்சர் கேட்டைச் சாத்தும் சத்தம் கேட்டது. நான் சுவரில் காதை வைத்துப் படுத்திருந்தேன். மூன்று மணிக்குத் தையல் மெஷின் நின்றது. ஸ்டூல் இழுபட்டது. மூடி திறந்தது. பிறகு நீண்ட நேரம் எதுவும் இல்லை. பிறகு ஆர்கனின் ஸ்விட்ச் விழும் சத்தம்.

முதல் சுரம் வந்தது. அதற்குப் பின்னால் உறுமல் இல்லை, கிர்ர் இல்லை, எதுவுமே இல்லை.

இரண்டாவது சுரத்தை நான் கேட்கவில்லை. எழுந்து போய் ஃபேனை முழு வேகத்தில் போட்டேன். பிறகு கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தினேன்.